மூங்கிலுக்கான வேர்த்தடுப்புத் தகடு: சரக்கு நல்லது, மூட்டுதான் சொதப்பல்

குளிர்காலத்திலும் பச்சையாக நிற்கிற மூங்கிலைத் தோட்டத்தில் வைக்கிறவர்களுக்காக விற்கும், மூங்கில் பரவாமல் இருக்க அதைச் சுற்றி மண்ணில் புதைக்கிற கறுப்பு எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) தகட்டுச் சுருளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். நான் வாங்கியது 2 மி.மீ. தடிமன், 70 செ.மீ. அகலம்.

முதலில் உங்கள் மூங்கில் என்ன ரகம் என்று பாருங்கள். ரூஃபா, ரொபஸ்டா, முரியலே மாதிரி ஃபார்ஜீசியா வகை என்றால் இருந்த இடத்திலேயே தூர் கட்டும், அதற்குத் தகடு தண்டச் செலவு. கறுப்புத் தண்டு மூங்கில், தங்க மூங்கில் எல்லாம் ஃபில்லோஸ்டாகிஸ், ஓடுகிற ரகம். கிழங்கு, அதாவது மண்ணுக்கடியில் ஓடுகிற தண்டு, பக்கவாட்டில் போய், எதிர்பார்க்காத இடத்தில் முளைவிடும். இவற்றுக்குத் தகடு இல்லாமல் நடவே நடாதீர்கள்.

தகட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விறைப்பாக இருக்கும், கொஞ்ச நேரம் வெயிலில் விரித்துப் போட்டால் வளைந்து கொடுக்கும். கிழங்கு பெரும்பாலும் மேலே ஒரு அடி மண்ணுக்குள்ளேயே ஓடுவதால் 70 செ.மீ. தாராளம். மேல் விளிம்பு செடியைவிட்டு வெளிப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், மண்ணுக்கு மேல் 5 செ.மீ. தெரிய வேண்டும். அப்போதுதான் தகட்டில் முட்டுகிற கிழங்கு கீழே நுழையாமல் மேலே ஏறிவரும், நம் கண்ணில் பட்டதும் வெட்டிவிடலாம். இவ்வளவு முக்கியமான விஷயம் கூடவே வந்த குறிப்புத்தாளில் ஒரு வரிகூட இல்லை!

சொதப்பல் மூட்டில். இரண்டு முனைகளையும் சேர்க்கக் கொடுத்திருந்த உலோகப் பட்டை மெல்லிசு, போல்ட்டும் மேலே ஒன்று கீழே ஒன்று, அவ்வளவுதான். இறுக்கினால் நடுவில் பிதுங்கி இடைவெளி விடுகிறது. கிழங்கின் நுனி ஊசி மாதிரி, அந்தச் சந்து அதற்குத் தாராளம். தடித்த அலுமினியப் பட்டை இரண்டைத் தனியாக வாங்கி, நெருக்கமாகத் துளையிட்டு முடுக்கிய பிறகுதான் நிம்மதி. இத்தனை நல்ல தகடு செய்கிறவர்கள் இதில் போய்க் கஞ்சத்தனம் பண்ணுவானேன்?

'பராமரிப்பே வேண்டாம்' என்ற விளம்பரத்தையும் நம்பாதீர்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது, கோடை முடிகிற சமயத்தில், விளிம்பைச் சுற்றிப் பார்த்து ஏறிவந்த கிழங்கை வெட்டியே ஆக வேண்டும். அப்புறம், வேர் அடைபட்டிருப்பதால் வெளியே போய்த் தண்ணீர் தேட முடியாது, நாம்தான் ஊற்ற வேண்டும். இலை நீளவாக்கில் சுருண்டால் தாகம் என்று அர்த்தம். மண் உறைகிற குளிரில் காற்றே இலையைக் காயவைத்துவிடும், அதனால் உறைபனி விலகுகிற நாட்களில் ஊற்றுங்கள். வசந்தத்தில் பழைய இலை மஞ்சளாகிக் கொட்டுவது சகஜம்தான், பயப்பட வேண்டாம். அதை அள்ளாமல் தூரிலேயே விட்டால் அதிலுள்ள சிலிக்கா மண்ணுக்கே திரும்பும்.

தகட்டுக்கு 5க்கு 4, பட்டைக்கு 1. வாங்கும்போது துண்டு துண்டாக வாங்காதீர்கள். 2 மீட்டர் அகல வட்டத்துக்குக் கிட்டத்தட்ட ஆறரை மீட்டர் வேண்டும், ஒரே நீளமாக வெட்டித் தரச் சொல்லுங்கள், மூட்டு ஒன்றோடு போய்விடும்.