ட்ரோடோஸ் மலைக்கு டூர் புக் செய்கிறவர்கள் கவனிக்க: அருவிக்கு டிக்கெட் கிடையாது

சைப்ரஸில் இருக்கிறவர்களுக்காக, அதிலும் என்னைப்போல லிமசோலில் கப்பல் கம்பெனி வேலைக்கு வந்து, ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைத்து நாலு இடம் காட்டலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். எங்களை ஏமாற்றியவர்களின் பெயரைப் போடவில்லை. கிட்டத்தட்ட அதே வாசகங்களோடு வேறு பெயர்களிலும் விளம்பரம் பார்த்தேன், அதனால் வித்தை எப்படி என்று தெரிந்தால் போதும்.

போன மே மாதம். நான் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, கார் இல்லை. மனைவியின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். லிமசோலிலிருந்து மலைக்குப் பேருந்து உண்டு என்றாலும் ஒரு நாளைக்கு மிகச் சிலதான், பெரியவர்களை வைத்துக்கொண்டு அதை நம்ப முடியாது என்று ஜீப் டூர் ஒன்றைப் பிடித்தேன். பிளாட்ரெஸ் கிராமம், கலிடோனியா அருவி, ஒலிம்பஸ் உச்சி, கிக்கோஸ் மடாலயம், கிராமத்துச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஆளுக்கு 85 யூரோ. நாலு பேருக்கு 340. பாதியை முன்பணமாகக் கட்டினேன்.

காலையில் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் ஓட்டுநர் திரும்பி, மீதிப் பணத்தோடு "காட்டுக்கும் அருவிக்கும் நுழைவுக் கட்டணம்" ஆளுக்கு 15 யூரோ ரொக்கமாகக் கொடுங்கள் என்றார். எல்லாம் சேர்த்துத்தானே என்று கேட்டதற்கு, அரசாங்கக் கட்டணம் அதில் வராது என்றார். சரி, காலை நேரத்தில் வம்பு எதற்கு என்று 60 யூரோவைக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் 'எண்ட்ரி 60' என்று பேனாவால் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். முத்திரை இல்லை, வரிசை எண் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமா அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தச் சீட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இது டிக்கெட் இல்ல, துண்டுக் காகிதம். டிக்கெட் எங்க தருவாங்க?" என்று கேட்டார். அங்கே போய்த் தருவார்கள் மாமா என்று சொல்லி வைத்தேன்.

முதலில் ஒலிம்பஸ். சைப்ரஸின் மிக உயரமான இடம், 1,952 மீட்டர். உச்சியில் நின்று படம் எடுக்கலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. உச்சியில் இருப்பது பிரிட்டிஷ்காரர்களின் ரேடார் நிலையம், வெள்ளைக் கோளம் தூரத்திலிருந்தே தெரியும். சுற்றிலும் கம்பி வேலி, படம் எடுக்கக் கூடாது என்று பலகை. வேலியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கினோம்.

இனிமேல்தான் விஷயம். கலிடோனியா பாதையின் மேல் முனையில், ஜனாதிபதியின் கோடைக்கால மாளிகைக்குப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டார். (அந்த மாளிகை கட்டும் வேலையை 1880இல் மேற்பார்வை பார்த்தவர்களில் பிரெஞ்சுக் கவிஞர் ரம்போவும் ஒருவர். இதை ஓட்டுநர் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்து நானே படித்துத் தெரிந்துகொண்டது.) "இருபது நிமிஷம், முழுக்க இறக்கம், நான் கீழே வண்டியோடு இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அந்தப் பாதை மூன்று கிலோமீட்டர். இறக்கம்தான், ஆனால் கல்லும் வேரும் நிறைந்த இறக்கம். கூடவே ஓடுகிற ஓடையின் பெயர் கிரியோஸ் பொட்டாமோஸ், அதாவது குளிர்ந்த ஆறு. அதைத் திரும்பத் திரும்பக் குறுக்கே கடக்க வேண்டும், சில இடத்தில் கல் மேல் கால் வைத்து, சில இடத்தில் கட்டைகள் மேல். அத்தை சேலையும் ரப்பர் செருப்பும். மாமாவுக்குத் தோல் செருப்பு, அது ஈரக் கல்லில் எண்ணெய் தடவினதுபோல வழுக்குகிறது. இரண்டாவது ஓடையிலேயே அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு தண்ணீரில் இறங்கிவிட்டார், கால் விறைத்துப்போய் அந்தப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தவர் கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநருக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. திரும்பி ஏறவும் முடியாது, ஏறினாலும் மேலே வண்டி இல்லை.

அருவி அழகு, பொய் சொல்லக் கூடாது. பன்னிரண்டு மீட்டர் சுமாருக்கு உயரம், கருத்த பாறையில் ஒற்றை வெள்ளைக் கோடாக விழுகிறது, சுற்றிலும் மரங்கள் கூரை போட்டமாதிரி நிழல். ஆனால் அதைப் பார்த்து சந்தோஷப்படுகிற நிலையில் யாரும் இல்லை. மாமா மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கவுண்டரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கீழிருந்து நடந்து வந்த ஒரு வயதான தம்பதி, உள்ளூர்க்காரர்கள், அத்தையைப் பார்த்துவிட்டு நின்றார்கள். டிக்கெட் எங்கே என்று கேட்டேன். அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அந்த அம்மா சிரித்துவிட்டார். காட்டுப் பாதைக்கு யார் காசு வாங்குவார்கள் என்றார். அப்புறம், அருவியை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் பிளாட்ரெஸ் பக்கமிருந்து ஏறி வந்து அதே வழியில் திரும்பலாமே, பெரியவர்களை எதற்கு மேலிருந்து இறக்கினீர்கள் என்று என்னைத்தான் கேட்டார்கள். இரண்டரை மணி நேரம் கழித்துக் கீழே வந்தால், ஓட்டுநர் நிழலில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். நேரமாகிவிட்டது என்று எங்கள் மேலேயே குறைபட்டுக்கொண்டார்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அத்தை சைவம், முன்கூட்டியே எழுதியிருந்தேன், வந்தது வாட்டிய ஹல்லூமியும் (இங்கத்திய பாலாடைக்கட்டி) தக்காளியும். தண்ணீருக்கும் காபிக்கும் தனியாக 31 யூரோ.

கிக்கோஸ் "இன்றைக்கு மூடியிருக்கிறது" என்றார் ஓட்டுநர். அதற்குப் பதிலாக ஓமோடோஸ் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல ஊர்தான், கல் பாவிய சதுக்கமும் திருச்சிலுவை மடாலயமும் உண்டு. ஆனால் நாங்கள் மடாலயத்தில் இருந்தது கால் மணி நேரம், அவருக்குத் தெரிந்த இரண்டு கடைகளில் ஒன்றே முக்கால் மணி நேரம். லேஸ் மேசை விரிப்பு, ஒயின், ரோஜாத் தண்ணீர். கடைக்காரர் எங்களைவிட ஓட்டுநரின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

இரண்டு வாரம் கழித்து வாடகைக் கார் எடுத்து நாங்களே போனோம். இங்கேயும் நம்மூர் மாதிரி இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வளைவுகள் அதிகம், மண் பாதையில் இறக்கினால் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் செல்லாது, ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். பிளாட்ரெஸ் பக்கத்திலேயே மில்லோமெரிஸ் என்று இன்னொரு அருவி இருக்கிறது, அதற்கும் காசு இல்லை. பெடுலாஸில் 1474இல் ஓவியம் தீட்டிய மிக்கேல் தேவதூதர் கோயில், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பத்து ட்ரோடோஸ் கோயில்களில் ஒன்று, வெளியே பார்த்தால் சரிந்த மரக்கூரை போட்ட தானியக் கொட்டகை மாதிரி இருக்கும். உள்ளே ஆளுயரத்துக்கும் மேலே கவசம் போட்ட மிக்கேல் நிற்கிறார். டூர்க்காரர் இந்த ஊர்ப் பெயரையே எடுக்கவில்லை.

கிக்கோஸ் திறந்திருந்தது. தினமும் திறந்திருக்குமாம், வாசலில் இருந்தவர் சொன்னார். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், கோயிலுக்குள் படம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. அங்கே அருங்காட்சியகத்துக்கு மட்டும் கட்டணம். மாமா தானே போய் நாலு பேருக்கு வாங்கிவந்தார். எண்ணைப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பாத்தீங்களா மாப்பிள்ளை, இது டிக்கெட்."

நான் துண்டுச் சீட்டைப் படம் எடுத்து அந்தக் கம்பெனிக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பதில், அடுத்த டூருக்கு இருபது சதவீதத் தள்ளுபடி. நுகர்வோர் பாதுகாப்புத் துறைக்கு எழுதப்போகிறேன் என்றதும் 60 யூரோ மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு இன்னும் பதில் இல்லை. அத்தைக்கு முட்டி வலி குறைய ஒரு மாதம் ஆனது.