அம்மாவின் வீடியோ டாக்டர்கள்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. சர்க்கரையும் உண்டு, ரத்தக் கொதிப்பும் உண்டு. அவர் இருப்பது தேனி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில், நான் இருப்பது சென்னையில். கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வீடியோவில் டாக்டரைப் பார்க்கத் தொடங்கினோம். பஸ் ஓட ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அரசின் இ-சஞ்சீவனி, சந்தா கட்டும் ஒரு தனியார் செயலி, அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையம் ஆகிய மூன்றையும் அம்மா வருடக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார். 'நேற்றுதான் இறக்கினேன், சூப்பர், ஐந்து ஸ்டார்' என்று எழுதுகிற ஆள் நானில்லை என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ வைத்தியம் நன்றாக அமைவதும் சொதப்புவதும் நோயாளிக்குப் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. செயலியின் அழகு, டாக்டரின் பட்டம், இணைய வேகம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இ-சஞ்சீவனியில் இரண்டு வழிகள் இருப்பது பலருக்குத் தெரியாது. சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி நிறுவனத்தின் மொஹாலி மையம் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக உருவாக்கியது இது. 2019 நவம்பரில் முதலில் வந்த வழி இப்படி: கிராமத்தில் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு நோயாளி போவார், அங்குள்ள செவிலியரோ சுகாதாரப் பணியாளரோ பி.பி., சுகர் பார்த்துப் பதிந்துவிட்டு, வேறோர் ஊரில் இருக்கும் டாக்டரைத் திரையில் கூப்பிடுவார். நாம் வீட்டிலிருந்தபடியே நேரடியாக டாக்டரிடம் பேசுவது இரண்டாவது வழி. ஊரடங்கு நேரத்தில், 2020 ஏப்ரல் 13 அன்று அது தொடங்கியது. செல்போன் எண், ஓ.டி.பி., டோக்கன், வரிசை, வீடியோ, கடைசியில் மருந்துச்சீட்டு பி.டி.எஃப். வடிவில் வந்துவிடும். இரண்டுக்குமே கட்டணம் கிடையாது.

எங்கள் தொடக்கம் இரண்டாவது வழியில்தான். அந்தச் சமயத்தில் அது பெரிய உதவி. தினமும் சாப்பிடும் மாத்திரை தீர்ந்துபோயிருக்கிறது, சீட்டு பழசு, கிளினிக் பூட்டிக் கிடக்கிறது என்ற நிலையில், பழைய சீட்டைக் கேமராவில் காட்டிப் புதுச் சீட்டு வாங்க முடிந்தது. இப்படி வாங்குவதற்குச் சட்டப்படி வழி திறந்ததும் அப்போதுதான். தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று, அதாவது நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாளிலேயே வெளியாயின. அதற்கு முன் வீடியோவில் பார்த்து மருந்து எழுதலாமா கூடாதா என்பதில் டாக்டர்களுக்கே தெளிவில்லை.

அந்த நெறிமுறைகளில் நோயாளிகளுக்குப் பயன்படுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். போன்றவற்றை எந்த வகை ஆலோசனையிலும் எழுதலாம். சில மருந்துகளை முதல் ஆலோசனையில் எழுத வேண்டுமென்றால் அது வீடியோவாக இருக்க வேண்டும். வேறு சிலவற்றை, ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கான தொடர் சிகிச்சையில்தான் சேர்க்கலாம். போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளை எழுதவே கூடாது. மருந்துச்சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருந்தாக வேண்டும். 'இது நேரில் பார்க்க வேண்டிய கேஸ்' என்று டாக்டர் எந்த நிமிடமும் நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நிறுத்துகிற டாக்டர் மேல் எனக்கு மரியாதை கூடுமே தவிர குறையாது. கணினி நிரல் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அதில் இருக்கிறது. செயலியைத் திறந்ததும் 'வணக்கம், உங்களுக்கு என்ன தொந்தரவு?' என்று கேள்வி கேட்கும் அரட்டைப் பெட்டியிடம் கதை முழுவதையும் கொட்டுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து தனியார் செயலி. ராத்திரி எட்டு மணிக்கும் டாக்டர் கிடைப்பார், ரத்தம் எடுக்க வீட்டுக்கே ஆள் வருவார், ரிப்போர்ட் என் போனுக்கும் வந்துவிடும் என்பதற்காகச் சந்தா கட்டினேன். அவர்கள் சொன்ன அத்தனையும் கிடைத்தது, பொய்யில்லை. குறிப்பாக மூன்று மாத சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. ரிப்போர்ட்டைக் காட்டி 'மாத்திரையை மாற்ற வேண்டுமா' என்று கேட்பதற்கு வீடியோ போதும், தாராளமாகப் போதும். எண் கண் முன்னால் இருக்கிறது, முடிவு எடுக்க வேண்டியதுதான் பாக்கி. இதற்காக ஒரு நாளைக் கெடுத்து டவுனுக்குப் போய், ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்து, நாலு நிமிடம் டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு வருவதில் அர்த்தமே இல்லை.

ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். முன்னால் பார்த்தவர் எழுதிய குறிப்பு இவருக்குத் தெரியும் என்கிறார்கள். தெரிந்திருக்கலாம், படித்தாரா என்பதுதான் கேள்வி. அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்லி அலுத்துப்போனது. 'ஏய்யா, போன வாட்டி வந்த தம்பிகிட்ட இதெல்லாம் சொல்லிட்டேனே' என்பார்.

அந்தச் செயலியின் எல்லை எது என்று தெரிந்தது கால் வீக்கத்தில். திடீரென்று அம்மாவுக்கு இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. வீடியோவில் பார்த்த டாக்டர் போனைக் காலுக்குப் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னார். வெளிச்சம் போதவில்லை, போன் ஆடுகிறது, அம்மாவுக்குக் குனிய முடியவில்லை. பாவம், அவரும்தான் என்ன செய்வார். நீண்ட பரிசோதனைப் பட்டியல் ஒன்றையும் நீர் பிரிவதற்கான மாத்திரையையும் எழுதிவிட்டு முடித்துக்கொண்டார். கூடவே அந்தச் செயலி, பட்டியலில் இல்லாத பரிசோதனைகளையும் சேர்த்து ஒரு 'முழு உடல் பேக்கேஜ்' வாங்கச் சொல்லி மூன்று நாள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

மாத்திரையை வாங்குவதற்கு முன்னால் அம்மா துணை சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கே செவிலியர் செய்த முதல் காரியம், கட்டைவிரலால் கணுக்காலை அழுத்திப் பிடித்துவிட்டு எடுத்தது. குழி விழுந்தது. மறு காலிலும் அதே. பி.பி. பார்த்தார், எடை பார்த்தார், படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். பிறகு இ-சஞ்சீவனியில் டாக்டரைக் கூப்பிட்டு இதையெல்லாம் வரிசையாகச் சொன்னார். டாக்டர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: 'அம்லோடிபின் எத்தனை மில்லிகிராம் போகுது?' பத்து என்றதும் விஷயம் பிடிபட்டுவிட்டது. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அந்த மாத்திரைக்கே கணுக்காலை வீங்க வைக்கும் குணம் உண்டு. அளவு கூடினால் வீக்கமும் கூடும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய, சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின் இரண்டையும் மட்டும் பார்க்கச் சொல்லி, அவை சரியாக இருந்ததும் அம்லோடிபினைக் குறைத்து இன்னொரு மாத்திரை சேர்த்தார். சில வாரங்களில் அம்மாவின் கால் பழையபடி செருப்புக்குள் போனது.

இரண்டு டாக்டர்களும் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள்தான், இரண்டு பேரும் கண்ணாடித் திரையில்தான் பார்த்தார்கள். இரண்டாமவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. நான் சென்னையிலிருந்து அதே அழைப்பில் சேர்ந்துகொள்வது வழக்கம். மருந்துப் பெயர் தவறாமல் இருக்க வேண்டுமே என்பதற்காக. ஆனால் மகன் கேட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா எதைச் சொல்வார், எதைச் சொல்ல மாட்டார் என்று ஒரு கணக்கு உண்டு. சிறுநீர் அடக்க முடியாத தொந்தரவு, அந்தரங்க இடத்தில் அரிப்பு இதெல்லாம் சர்க்கரைக்காரர்களுக்கு வரக்கூடியவை, டாக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை. எங்கள் வீடியோ அழைப்புகளில் அவை ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. செவிலியர் தனியாகக் கேட்டபோதுதான் வெளியே வந்தன. கூடத்தில் ஸ்பீக்கரில் போனை வைத்துப் பேசும் வீடுகளில் இது என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். செயலி விளம்பரங்களில் 'உங்கள் தகவல் பாதுகாப்பானது' என்று போடுவார்கள். அவர்கள் சொல்வது ஹேக்கரிடமிருந்து. மருமகளிடமிருந்தும் மகனிடமிருந்தும் யார் பாதுகாப்பது?

நோயாளிக்குப் பக்கத்தில் ஆள் இருக்கும் முறையில் யாரையாவது உச்சியில் வைக்கச் சொன்னால் அரவிந்தின் பார்வை மையத்தைத்தான் வைப்பேன். சர்க்கரைக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே ரத்தக் கசிவு தொடங்கியிருக்கலாம். அதற்காகப் பெரிய கண் மருத்துவமனை வரை அம்மாவை அழைத்துப்போவது ஒரு நாள் வேலை. பக்கத்து ஊர்ப் பார்வை மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர் ஒருவர் கண்ணாடிப் பவர் பார்க்கிறார், ஸ்லிட் லாம்ப் கருவியில் கண்ணைப் பார்க்கிறார், படம் எடுத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறார். அங்கிருந்து டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டுத் திரையில் வந்து அம்மாவிடமே பேசுகிறார். கண்ணாடி தேவையென்றால் அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள். அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

இதில் எனக்குப் பிடித்த பழங்கதை ஒன்று. ஸ்மார்ட்போன் வராத காலத்திலேயே, 2000களின் நடுவில், தேனி அரவிந்த் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, உயரக் கம்பங்களில் ஒரே திசையை நோக்கும் ஆண்டெனாக்களைப் பொருத்தி, வீட்டுக்குள் ஓடும் வைஃபையைக் கிலோமீட்டர் கணக்கில் போக வைத்தார்கள். தொலை மருத்துவம் கொரோனாவில் பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு எங்கள் மாவட்டத்தைக் காட்டலாம். அதற்கும் முன்னால், 2000ல், சித்தூர் மாவட்டத்து அரகொண்டா கிராமத்தில் அப்போலோ தன் தொலை மருத்துவ மையத்தைத் தொடங்கிவிட்டது. அப்போது இந்தியா வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளின்டன் அதைத் தொடங்கிவைத்தார்.

மக்களைத் தேடி மருத்துவத்தையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். அதில் வீடியோ முக்கியமில்லை. பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பி.பி., சுகர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆனால் வீடியோ டாக்டர் எழுதிய மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா என்பது அந்தத் தன்னார்வலரின் கையில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் மாத்திரை டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிறவர் அவர்.

ஆள் பக்கத்தில் இல்லாமலே நன்றாக நடக்கும் இடமும் உண்டு, மனநலம். அங்கே அழுத்திப் பார்க்க எதுவுமில்லை, பேச்சுத்தான் பரிசோதனை. சொல்லப்போனால் பக்கத்தில் ஆள் இல்லாதிருப்பதே நல்லது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், முகம் காட்ட வேண்டியதில்லை. கிளினிக் வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று போகாமலிருக்கும் உறவினர் ஒருவர், இதில் பேசிய பிறகுதான் மருந்து எடுக்கவே ஒப்புக்கொண்டார்.

வீட்டிலிருந்தே பார்க்கப்போகிறீர்கள் என்றால், பக்கத்தில் இருக்க வேண்டிய அந்த ஆளை நீங்களே உருவாக்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் பத்தாவது படிக்கும் அண்ணன் மகள்தான் அது. மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின் வாங்கிக்கொடுத்துப் பழக்கினோம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. அம்மா பேசாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. பேசிக்கொண்டே எடுத்தால் அளவு ஏறித்தான் காட்டும், அந்தத் தப்பு எண்ணை நம்பி டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். எடுத்த எண்ணெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில். செயலிகள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதில்லை. அரசு தரும் 14 இலக்க சுகாதார அடையாள எண்ணான ஆபா எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே இடத்தில் சேர்க்கும் நாள் வரட்டும், அதுவரை எல்லா டாக்டருக்கும் அந்த நோட்டின் பக்கத்தைத்தான் போட்டோ எடுத்துக் காட்டுகிறோம்.

நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் இழுத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் இவற்றுக்கு டோக்கன் போட்டுக்கொண்டு உட்காரக் கூடாது. 108தான். அதுபோல வயிற்று வலி, புதிதாகத் தோன்றிய கட்டி, ஆறாத கால் புண் எல்லாம் கை வைத்துப் பார்க்க வேண்டியவை. சர்க்கரைக்காரரின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பார்கள். அந்த இழை கேமராவுக்குள் நுழையாது.

தனியார் செயலியின் சந்தாவை இந்த முறை புதுப்பிக்கவில்லை. ரத்தம் எடுக்க மட்டும் தேவைப்படும்போது காசு கொடுத்துக்கொள்கிறோம். மாதாந்திரப் பரிசோதனை துணை சுகாதார நிலையம் வழியாக, கண் பரிசோதனை பார்வை மையத்தில், பாதப் பரிசோதனை வருடத்துக்கு ஒரு முறை டவுன் டாக்டரிடம் நேரில். நான் இப்போது அழைப்பின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் சேர்கிறேன், மருந்துப் பெயரைக் குறித்துக்கொள்ள. நீங்களும் ஏதாவது செயலிக்குச் சந்தா கட்ட யோசிக்கிறீர்கள் என்றால், அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அடுத்த முறையும் இதே டாக்டர் கிடைப்பாரா? தொட்டுப் பார்க்க வேண்டி வந்தால் எங்கள் ஊரில் யாரிடம் அனுப்புவீர்கள்? முதல் கேள்விக்கே மழுப்பினால் காசை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.