ஊருக்குப் போகும்போது டயாலிசிஸ்: மையத்தில் கேட்க வேண்டியவை

வெளிநாட்டில் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவரும் ஊருக்குப் போய் வரலாம். ஊர் மையங்களில் நான் பார்த்தவரை இயந்திரங்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஃபிஸ்டுலாவில் (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து அமைத்த ரத்தக் குழாய்) ஊசி போடும் டெக்னீஷியன்களின் கைப்பழக்கம் மெச்சும்படியே இருந்தது. நோயாளிக்கு உரிய அளவுகள் அவரோடு வந்து சேராதபோதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நல்ல நிலையில் உள்ள சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. அதில் ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராகிறது. மீதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். வியர்வையில் நீர் போனால் வாசோபிரெசின் ஹார்மோன் கூடிச் சிறுநீர் குறையும். உப்போ பொட்டாசியமோ மிகுந்தால் அந்தந்த அளவுக்கு வெளியேறும். இயந்திரத்துக்கு இப்படித் தானாக முடிவெடுக்கத் தெரியாது. வாரத்தின் 168 மணி நேரத்தில் 12 மணி நேரம் ஓடும், அதுவும் எழுதிக் கொடுத்தபடி மட்டும்.

எனவே, புறப்படும் முன் வழக்கமான மையத்தில் ஒரு பக்கக் குறிப்பு கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். டிரை வெயிட் (உடலில் மிகை நீர் இல்லாதபோது உள்ள எடை), டயலைசரின் (ரத்தத்தை வடிகட்டும் உருளை) வகை, ரத்த ஓட்ட வேகம் (பலருக்கு நிமிடத்துக்கு 300 மி.லி. அல்லது அதற்கு மேல்), ஊசியின் அளவு, ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) அளவு, டயலைசரில் ரத்தத்துக்கு மறுபுறம் ஓடும் கரைசலில் பொட்டாசியம் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, மருந்து ஒவ்வாமை, கடைசி மூன்று அமர்வுகளின் பதிவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஊர் மையங்களில் எல்லோருக்கும் ஒரே பொதுக் கரைசல் ஓடுவது உண்டு. உங்களுக்கு லிட்டருக்கு 3 மில்லிமோல் பொட்டாசியம் எழுதியிருக்க, 2 ஓடினால் ரத்தத்தில் பொட்டாசியம் சட்டென்று இறங்கும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு இது ஆபத்து. கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்பது நம் பொறுப்பு.

எல்லாவற்றிலும் அதிகம் தவறுவது டிரை வெயிட்தான். அமர்வுக்கு முன் எடை அதைவிட எவ்வளவு கூடியிருக்கிறதோ, கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று கணக்கிட்டு நீரை இழுப்பார்கள். மையத்துக்கு மையம் எடைக்கருவி அரைக் கிலோ, ஒரு கிலோ வேறுபடலாம். முதல் நாளே ஒரே மாதிரி உடையில் நின்று பார்த்து, வீக்கம், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்து மருத்துவர் முடிவு செய்வதே சரி. பயணத்தில் சாப்பாடு குறைந்து தசை இளைத்தால் பழைய டிரை வெயிட் பொய்யாகிவிடும்; இயந்திரம் எடுக்க வேண்டிய நீர் உடலிலேயே தங்கும்.

இழுக்கும் வேகத்துக்கும் எல்லை உண்டு. மணிக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 13 மி.லி. என்பது பரவலாகச் சொல்லப்படும் உச்சவரம்பு. 60 கிலோ உள்ளவருக்கு 4 மணி நேரத்தில் 3 லிட்டரைச் சற்றே தாண்டும். அதற்கு மேல் போனால், திசுக்களிலிருந்து நீர் ரத்தக் குழாய்க்குத் திரும்பும் வேகம் போதாமல் அழுத்தம் விழும், கெண்டைக்கால் இழுக்கும். அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்று நேரத்தை மூன்றரை மணியாகக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். நீரைவிட உப்பில்தான் கட்டுப்பாடு வேண்டும்: கூடுதலாக உள்ளே போகும் 8–9 கிராம் உப்பு ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தாகத்தையும் கிளப்பும். பயணச்சீட்டு போடும்போதே கணக்குப் பார்த்து, இரண்டு அமர்வுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழாமல் முன்பதிவு செய்யுங்கள்.

டயலைசரைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் சில மையங்களில் உண்டு. முறையாகச் செய்தால் தவறில்லை: ஒருவருடையது அவருக்கே, பெயர் எழுதி, உட்கொள்ளளவு தொடக்க அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் கழித்துவிட வேண்டும், கிருமிநாசினி மிச்சமில்லை என்று சோதனைப் பட்டையில் சோதித்துக் காட்ட வேண்டும். சில வாரங்களுக்கு மட்டும் வருபவர் ஒவ்வொரு முறையும் புதியதே கேட்பது நல்லது. கரைசல் தயாரிக்கும் தண்ணீரைப் பற்றியும் கூசாமல் கேளுங்கள். ஓர் அமர்வில் சுமார் 120 லிட்டர் கரைசல் ரத்தத்துக்கு மறுபுறம் ஓடுகிறது. கார்பன் வடிகட்டி தேய்ந்து குளோரமின் (குடிநீரில் கிருமி கொல்லச் சேர்க்கும் குளோரின் சேர்மம்) நழுவி வந்தால் சிவப்பணுக்கள் உடையும். அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் குளோரின் சோதனை. நல்ல மையம் அந்தப் பதிவேட்டைக் காட்டத் தயங்காது.

ஹெபடைட்டிஸ் பி, சி, எச்ஐவி அறிக்கைகள் புதிதாக இருந்தால்தான் இடம் தருவார்கள். பி தொற்று உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொற்று ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், திரும்பி வந்த பிறகு வெளிநாட்டு மையம் மறுபடி மறுபடி பரிசோதிக்கலாம், அதுவரை தனி இயந்திரத்திலும் போடலாம். அங்கே அதற்கு இடமிருக்கிறதா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே கேட்டு வையுங்கள்.