'ஹவுஸ்' பார்த்த ராத்திரி: மாடியில் ரெண்டு கட்சி

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பேர் உட்கார்ந்து 'ஹவுஸ்' என்ற ஜப்பானியப் படம் பார்த்தோம். 1977-ல் வந்தது, டைரக்டர் நொபுஹிகோ ஒபயாஷி. 88 நிமிஷம்தான். படம் முடிந்தும் பன்னிரண்டு மணி வரைக்கும் யாரும் கீழே இறங்கவில்லை. பிடித்தவர்கள் ஒரு பக்கம், பிடிக்காதவர்கள் ஒரு பக்கம் என்று பேச்சு நீண்டுவிட்டது. நான் பிடித்த கட்சி. ஏன் என்று விளக்கமாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்குக் காவேரிப்பட்டணத்தில் ஸ்டூடியோ. 22 வருஷமாகக் கல்யாண வீடியோ எடுத்து மிக்ஸிங் செய்கிறேன். ரிசப்ஷனுக்கு எடுத்துப் போகிற புரொஜெக்டரை மாடிக்கு ஏற்றி, வெள்ளை வேட்டியைக் கொடிக்கம்பியில் இழுத்துக் கட்டிப் படத்தைப் போட்டேன். தமிழ் சப்டைட்டில் இல்லாததால் இங்கிலீஷில் ஓடியதை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். சின்னப் பிள்ளைகளை முன்னமே தூங்க வைத்துவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரத்தம் நிறைய உண்டு, உடம்பைக் காட்டுகிற காட்சியும் உண்டு.

கதை சின்னதுதான். அம்மா இல்லாத ஒரு பள்ளிக்கூடப் பெண். அப்பா வேறு கல்யாணம் செய்யப் போகிறார் என்று தெரிந்ததும் மனசு உடைந்து, கோடை லீவுக்கு அம்மாவுடன் பிறந்தவள் வீட்டுக்குக் கிளம்புகிறாள். கூடவே ஆறு தோழிகள். போன இடத்தில் அந்த வீடு ஒவ்வொருத்தியாகத் தின்கிறது. நிஜமாகவே தின்கிறது. பியானோ ஒருத்தியை விழுங்குகிறது. மெத்தைகள் மேலே விழுந்து இன்னொருத்தியை அமுக்குகின்றன. தர்பூசணியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் குளிர இறக்கியிருக்கிறார்கள். இழுத்துப் பார்த்தால் பழத்துக்குப் பதில் தோழியின் தலை வருகிறது. வந்த தலை சும்மா இருக்கிறதா? பறந்து போய் இழுத்தவளின் பின்புறத்தைக் கடிக்கிறது.

அந்த இடத்தில்தான் எங்கள் மாடி ரெண்டாகப் பிரிந்தது. என் கொழுந்தியாளும் அவள் தோழியும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மாங்காய் சீசன், மண்டியில் பெங்களூரா ரக மாங்காய் லோடு அனுப்பிவிட்டு அசதியோடு வந்திருந்தார். "என்ன மாப்ளே இது? பயமும் வரல, சிரிப்பும் வரல. ரெண்டுல ஒண்ணாவது ஒழுங்கா செய்ய வேணாமா?" என்றார். என்னிடம் வேலை செய்கிற தம்பி அதற்கும் மேலே போனான். "அண்ணா, நம்ம பழைய கல்யாண கேசட் மாதிரியே இருக்குண்ணா."

அவன் குறையாகச் சொன்னான். எனக்கோ அது சரியான வார்த்தையாகப் பட்டது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் மாப்பிள்ளை முகத்தைத் தாமரைக்குள் வைப்போம், பொண்ணு முகத்தை ஹார்ட்டுக்குள் சுற்ற விடுவோம். ஓரத்தில் வெட்டின கோடு தெரியும். யாருக்கும் அது உறுத்தாது, சந்தோஷம்தான் தெரியும். இந்தப் படத்திலும் வானம் பெயின்ட் அடித்த வானம். பியானோ காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். முதலில் விரல்கள் போகின்றன, அப்புறம் கை, அப்புறம் முழு ஆளும். துண்டான விரல்கள் மட்டும் கட்டை மேல் தொடர்ந்து வாசிக்கின்றன. வெட்டி ஒட்டியது பச்சையாகத் தெரிகிறது. கைக்கு வராமல் அப்படி வந்ததில்லை. ஒபயாஷி அதற்கு முன் விளம்பரப் படங்கள் எடுத்துக் கை தேர்ந்தவர். ஒரு குழந்தை செய்தது போல இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 1975-ல் வந்த 'ஜாஸ்' சுறாப் படம் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, ஜப்பானின் டோஹோ சினிமாக் கம்பெனி அதுபோல ஒன்று வேண்டும் என்று இவரிடம் கேட்டது. இவர் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த தன் மகள் சிகுமியிடம் போய், உனக்கு எதெல்லாம் பயம் என்று கேட்டார். பியானோ விரலைக் கடிக்கிற மாதிரி இருக்கும், கிணற்றுத் தர்பூசணி, மேலே விழுகிற மெத்தை என்று அவள் சொன்னதெல்லாம் படத்தில் இருக்கிறது. மூலக் கதைக்கு அவள் பெயரையே போட்டார். ஒரு குழந்தையின் பயத்தைப் பெரியவர்கள் புத்தியால் திருத்தாமல் அப்படியே எடுத்த இந்த நேர்மை எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. ஸ்கிரிப்ட் தயாராகியும் கம்பெனியில் யாரும் அதைத் தொட முன்வராமல் ரெண்டு வருஷம் கிடந்தது. கடைசியில் இவரே எடுத்தார். அப்போது ஜப்பானிலும் இதே கதைதான். விமர்சகர்கள் திட்டினார்கள், வயசுப் பிள்ளைகள் தியேட்டரை நிரப்பினார்கள்.

மாமாவிடம் நான் கேட்டது இதைத்தான். நம் பக்கத்து ஊர்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்தானே நீங்கள்? பாஞ்சாலி சேலையை உருவும்போதே கட்டியக்காரன் வந்து கிண்டல் பண்ணுவான். சிரிப்போம், அடுத்த நிமிஷம் அழுவோம். படுகளத்தில் கிடக்கிற துரியோதனன் மண்ணால் செய்தவன் என்று அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒப்பாரி வைக்கிறார்கள். மாமா யோசித்தார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "அது சாமி காரியம், மாப்ளே."

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். முதல் அரை மணி நேரம் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து சலிப்பூட்டுகிறது. பின்னாலேயே கிளம்பி வருகிற வாத்தியார் சம்பந்தப்பட்ட காமெடி எதுவும் ஒட்டவில்லை, அவர் வாழைப்பழமாக மாறிப்போகிற இடம் உட்பட. தோழிகளில் மூன்று பேருக்குத்தான் முகம் மனசில் நிற்கிறது.

ஆனால் அந்த வீட்டுக்காரம்மா? அவளை மறக்க முடியாது. அவளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை யுத்தத்துக்குப் போனவன், திரும்பவில்லை. அவன் வருவான் என்று காத்திருந்தே காலம் போகிறது. இந்தக் கதையைப் பழைய ஊமைப் படம் மாதிரி ஓட்டிக் காட்டுகிறார்கள். பெண்கள் கூடவே பேசிச் சிரிக்கிறார்கள். அணுகுண்டுப் புகை எழும்புகிறது. ஒருத்தி அதைப் பார்த்து, பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கிறது என்கிறாள். நான் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கே குரல் இறங்கிவிட்டது. ஒபயாஷி ஹிரோஷிமா மாகாணத்தில் 1938-ல் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயசு. அந்தச் சிரிப்பை அவர் விளையாட்டுக்கு வைக்கவில்லை.

பெரியம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. பெரியப்பா 30 வருஷத்துக்கு முன்னால் பெங்களூருக்கு வேலைக்கென்று போனவர், இன்று வரை தகவல் இல்லை. மாமா பொம்மை விளையாட்டு என்று மறுபடி ஆரம்பித்ததும் பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "காத்திருந்தவ வயிறு அது. அப்படித்தான் எரியும்." அப்புறம் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பார்க்கிறவர்கள் செல்போனில் பார்க்காதீர்கள். பெரிசாக, ராத்திரியில், நாலு பேரோடு பாருங்கள். பாதியில் யாராவது எழுந்து போனால் போகட்டும்.

மறுநாள் காலையில் வேட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா மாடி ஏறி வந்தார். அந்தப் பொம்பளை கல்யாணச் சேலையில் வருகிற இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். வெயில் ஏறிவிட்டது, திரையில் ஒன்றும் தெரியாது. கீழே ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போய்ச் சின்ன மானிட்டரில் போட்டுக் காட்டினேன்.