ஸ்டாண்டன் வீடு: ஊசி பிடிக்கிறவள் பார்வையில்

தெற்கு லண்டனில் இருக்கும் க்ராய்டனில் வீட்டிலிருந்தே பிளவுஸுக்கு ஆரி வேலை செய்து கொடுக்கிறேன். மூன்று வருடமாக மயில், யானை, மாங்காய், திரும்பவும் மயில். "ஒருநாள் ஸ்டாண்டைச் சுருட்டி வச்சுட்டு வாம்மா" என்று மகள்தான் ஸ்டாண்டன் என்ற பழைய வீட்டைப் பார்க்க இழுத்துப் போனாள். ஈஸ்ட் க்ராய்டனில் ஏறினால் நேராக ஈஸ்ட் க்ரின்ஸ்டெட். அங்கிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரம்.

அரண்மனையை எதிர்பார்ப்பவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டாண்டன், லண்டன் வக்கீல் ஜேம்ஸ் பீல் தன் பெரிய குடும்பத்துக்காகக் கட்டிக்கொண்ட கிராமத்து வீடு. ஏழு பிள்ளைகள். வீட்டை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஃபிலிப் வெப். 1894-இல் வேலை முடிந்தது. செங்கல், அந்த நிலத்திலேயே வெட்டிய கல், ஓடு, மரப்பலகை எல்லாம் கலந்திருக்கின்றன. முன்பிருந்த பண்ணை வீட்டையும் இடிக்காமல் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பீலின் மகள் ஹெலன் 1972-இல் வீட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

உள்ளே சுவர்களில், பூவும் கொடியுமாக வடிவங்கள் வரைந்த ஆங்கிலேயக் கலைஞர் வில்லியம் மாரிஸின் கம்பெனிக் காகிதமும் துணியும். படத்தில் பார்த்தபோது, இத்தனை பூவும் கொடியும் ஒரே வீட்டில் இருந்தால் தலை சுற்றுமே என்று நினைத்தேன். சுற்றவில்லை. ஒரு பக்கம் இலை நெருக்கியடித்தால், பக்கத்திலேயே வெறும் வெள்ளை மரப்பலகை. வேலைக்கு நடுவே கண்ணுக்கு உட்கார இடம் வைத்திருக்கிறார்கள். நாமோ கழுத்திலிருந்து முழங்கை வரை ஜரிகையும் மணியும் இட்டு நிரப்புகிறோம்!

என்னை அரை மணி நேரம் கட்டிப்போட்டது ஒரு படுக்கையறை. லினன் துணியில் கூனைப்பூ (ஆர்ட்டிசோக்) வடிவம், சுவரை மூடும் அளவுக்குக் கை எம்பிராய்டரி. செய்தது கூலிக்காரர்கள் இல்லை. பீலின் மனைவி மார்கரெட் அம்மாவும் அவர் மகள்களும். நாலு பேர் ஒரே துணியில் தைத்தால், ஒருத்தி நூலை இழுப்பாள், ஒருத்தி தளர விடுவாள்; என் கண்ணுக்கு அது தப்பாது. எங்கே கை மாறியது என்று கயிற்றுக்கு இப்புறம் நின்று தேடித் தேடிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. தொடக்கூடாது என்பதால் கை துறுதுறுத்தது.

ஆனால் மனதில் வீட்டுக்கு எடுத்துவந்தது 'ட்ரெல்லிஸ்' என்ற சுவர்க்காகிதத்தை. மாரிஸ் 1862-இல் வரைந்தது. மரச்சட்டப் பந்தல், அதில் ஏறும் ரோஜா, இடையிடையே குருவிகள். அந்தக் குருவிகளை வரைந்தவர் இந்த வீட்டை வடிவமைத்த வெப்பேதான். நமக்குக் கட்டம் என்றால் சதுரத்துக்குள் ஒரு பூ, முடிந்தது. இங்கே கொடி சட்டத்துக்கு முன்னால் வந்து பின்னால் நுழைகிறது. கட்டம் இருப்பது தெரிகிறது, ஆனால் அது எதையும் அடைத்துவைக்கவில்லை.

துணியின் சாயம் வெளுக்காமலிருக்க அறைகளில் வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறார்கள். என் போனில் எடுத்த படங்களில் பாதி கலங்கிப்போயின. நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். சரிவில் இருக்கும் தோட்டத்தையும் விட வேண்டாம். நாங்கள் மழையில் பாதியோடு திரும்பிவிட்டோம், கான்வாஸ் ஷூவில் போனது என் முட்டாள்தனம்.

மறுநாளே ட்ரேஸ் பேப்பரில் வரைந்து, ஊசியால் துளை போட்டு, பவுடர் தேய்த்துத் துணியில் இறக்கினேன். பிளவுஸின் முதல் கை கெட்டுப்போனது: இரண்டு சென்டிமீட்டர் கட்டம் கொசுவலை மாதிரி தெரிந்தது. மூன்றரைக்கு மாற்றியதும் கொடி புகுந்து வர இடம் கிடைத்தது. கத்தரிப்பூ நிறப் பட்டில் வெள்ளைச் சட்டம், ஒவ்வொரு கைக்கும் ஒரே ஒரு குருவி. பிளவுஸ் கேட்டிருந்தவருக்குப் படத்தை அனுப்பினேன். "ரொம்ப நல்லா இருக்கு அக்கா, குருவிக்குப் பதிலா மயில் வச்சுத் தருவீங்களா?" என்று பதில் வந்தது.

வைத்துக் கொடுத்தேன். கட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.