‘சோதித்தாயிற்று’ என்று ஆவணம் கொடுத்தால் நம்பி மீதிக் காசைக் கட்டிவிடாதீர்கள்

வீட்டுக்கு ஹோம் அசிஸ்டன்ட் (விளக்கு, பம்ப், சென்சார்களைத் தானாக இயக்கும் மென்பொருள்) போட்டு, அதில் நமக்காக விதிகளை எழுதி இயக்கும் ஏஐ ஏஜென்ட்டையும் இணைத்துத் தருகிறேன் என்று கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங் பக்கம் யாராவது வந்தால், இதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். எனக்கு 4,200 வெள்ளியும் (ரிங்கிட்) போனது, அம்மா அறையின் சீலிங்கும் போனது.

எங்களுடையது செந்தூலில் பழைய வரிசை வீடு. தண்ணீர்த் தடை வந்தால் சமாளிக்கக் கீழே ஒரு தொட்டி, கூரைக்கடியில் ஒரு தொட்டி, இடையில் பம்ப். மேல்தொட்டி 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பம்ப் ஓட வேண்டும், 95 வந்ததும் நிற்க வேண்டும். நான் கேட்டது இவ்வளவுதான். வந்த தம்பி நன்றாகவே பேசினார். ஏஜென்ட் எழுதும் டெம்ப்ளேட்டை, அதாவது சென்சார் மதிப்பைப் பார்த்து விடை சொல்லும் சூத்திர வரியை, ரெண்டர் செய்து (ஓட்டி விடையை) பார்க்க ஒரு கருவி இருக்கிறது, அதில் சோதிக்காமல் எதையும் சேமிக்காது, எல்லாவற்றுக்கும் ஆவணம் தருவேன் என்றார். தந்தார், 34 பக்கம். 11-ஆம் பக்கத்தில் ‘சென்சார் செயலிழந்தால்: ரெண்டர் செய்யப்பட்டது. விடை: ஃபால்ஸ் (இல்லை). பம்ப் ஓடாது’ என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அதைப் பார்த்துத்தான் மீதிக் காசைக் கட்டினேன்.

ஐந்தாம் வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் சீலிங் பலகை வயிறு தள்ளி நிற்கிறது, நடுவிலிருந்து சாமி மேடை மேல் தண்ணீர் ஒழுகுகிறது. அம்மா ஒரு கையால் அப்பாவின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் கரைந்துபோன திருநீற்றைக் கிண்ணத்திலிருந்து வழித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

மேல்தொட்டி சென்சாரின் பேட்டரி தீர்ந்திருந்தது. அப்படி ஆனால் ஹோம் அசிஸ்டன்ட் எண் தராது, ‘அன்அவெய்லபிள்’ (கிடைக்கவில்லை) என்ற சொல்லைத்தான் தரும். டெம்ப்ளேட்டில் சென்சாரின் மதிப்பு எப்போதுமே எழுத்தாகத்தான் வந்து சேரும். அதை எண்ணாக்க ‘ஃப்ளோட்’ போடுவார்கள். எண்ணாக்க முடியாமல் போனால் எதை எடுத்துக்கொள்வது என்று அடைப்புக்குள் ஒரு மாற்று மதிப்பும் வைப்பார்கள். ஏஜென்ட் அங்கே 0 வைத்திருந்தது. சென்சார் செத்ததும் தொட்டி 0 விழுக்காடு என்று கணக்காகிவிட்டது. 30-ஐ விடக் குறைவு, அதனால் பம்ப் ஓடியது. 95 வரவே வராது, அதனால் நிற்கவில்லை.

மறுநாள் சென்சாருக்குப் பேட்டரி போடாமலேயே, அந்த வரியை எடுத்து ஹோம் அசிஸ்டன்ட்டின் டெவலப்பர் டூல்ஸில் இருக்கும் டெம்ப்ளேட் பெட்டியில் ஒட்டிப் பார்த்தேன். உடனே ‘ட்ரூ’ (ஆம், பம்ப் ஓடலாம்) என்று வந்தது. அப்புறம் ஏஜென்ட்டுக்குக் கொடுத்திருந்த கருவிகளின் பட்டியலைத் திறந்தேன். விளக்கு, மின்விசிறி, பம்ப் இருந்தன. ரெண்டர் செய்யும் கருவியே இல்லை. 11-ஆம் பக்கத்து விடை யாரும் ஓட்டிப் பார்க்காமல் எழுதப்பட்டது. 19-ஆம் பக்கத்தில் ‘சமையலறை ஜன்னல் சென்சார்’ வருகிறது. எங்கள் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது.

கூப்பிட்டுக் கேட்டால், “அண்ணே, பேட்டரிய நீங்கதானே பாத்துக்கணும்? டெம்ப்ளேட் ஏஐ எழுதுனது” என்றார். பேட்டரி என் பொறுப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்வதற்குத்தானே அந்தப் பக்கம்? அதற்கப்புறம் அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

மீதிக் காசு கொடுக்கும் முன் ஆளை உட்கார வைத்து, உங்கள் கண் முன்னே சென்சாரின் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். ‘அன்அவெய்லபிள்’ ஆகும்வரை காத்திருந்து, அதே டெம்ப்ளேட்டை ரெண்டர் செய்யச் சொல்லுங்கள். வரும் விடையும் ஆவணமும் ஒத்துப்போக வேண்டும். எண்ணைப் பார்க்கும் முன் ‘ஹேஸ் வேல்யூ’ வைத்து மதிப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் இப்போது அதைச் சேர்த்துவிட்டேன், பம்ப் 20 நிமிடத்துக்கு மேல் ஓடாது என்றும் வைத்துவிட்டேன். தொட்டிக்குள் ஒரு மிதவை சுவிட்சும் தொங்குகிறது; அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

இன்னொன்று. ரெண்டர் கருவி படிக்க மட்டும்தான், எதையும் இயக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த வழியாக வீட்டிலுள்ள எல்லா சென்சாரையும் படிக்கலாம். அம்மாவின் கைப்பேசி எங்கே இருக்கிறது என்பது உட்பட. ஏஜென்ட்டை இணைக்க உருவாக்கும் நீண்டகால டோக்கன் (கடவுச்சொல் போன்ற ஒரு சாவி) 10 ஆண்டு செல்லும். தம்பி உருவாக்கிய டோக்கன் என் கணக்கில் அப்படியே கிடந்தது. உங்கள் ப்ரொஃபைலில் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள், தெரியாத பெயர் இருந்தால் இன்றைக்கே அழியுங்கள்.

சீலிங் மாற்ற 1,650 வெள்ளி ஆனது. மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. படிவத்தை நேற்று அனுப்பிவிட்டேன். முதல் இணைப்பு அந்த 11-ஆம் பக்கம்; இரண்டாவது, ‘ட்ரூ’ என்று வந்த திரையின் படம்.