கொங்கண் கரையில் தனி பைக்: கழி கடத்தும் ஜங்கல் ஜெட்டி எப்படி?

மும்பையிலிருந்து கோவாவுக்கு தேசிய நெடுஞ்சாலை 66-ல் போனால் பெரும்பாலும் கடல் கண்ணில் படாது. கடலை ஒட்டியே போக வேண்டுமானால் ரேவஸ்–ரெட்டி கடற்கரைச் சாலைதான், ஏறத்தாழ 500 கி.மீ. ஆனால் கழிமுகம் குறுக்கிடும் இடங்களில் இந்தச் சாலை நேராகத் தண்ணீரில் போய் இறங்கிவிடும். பாலத் திட்டங்கள் இருக்கின்றன. அவை முடியும்வரை வண்டியைக் கடத்துவது கேரளத்து ஜங்கார் போன்ற தட்டைப் படகுகள். உள்ளூரில் ‘ஜங்கல் ஜெட்டி’ என்பார்கள். காட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வடக்கிலிருந்து வந்தால் முக்கியமான துறைகள் நான்கு: அகர்தாண்டா–திகி, பாக்மண்டலா–வேஸ்வி, தாபோல்–தோபாவே, தவ்சாள்–ஜெய்கட். கடக்கப் பத்து முதல் இருபது நிமிடம். இவற்றில் மிக உபயோகமானது தாபோல். 2003-லிருந்து ஓடுகிறது, படகும் அடிக்கடி உண்டு. இதைத் தவறவிட்டால் சிப்ளூண் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும், அதுவும் மலைச்சாலையில். ஜெய்கட் துறையில் படகில் குறை இல்லை. ஆனால் இறங்கியபின் துறைமுகத்துக்கும் மின்நிலையத்துக்கும் போகும் லாரிகளோடு கொஞ்ச தூரம் தூசி தின்ன வேண்டும். கணபதிபுளே நெருங்கினால் சாலை மறுபடி அழகாகிவிடும்.

மும்பையிலிருந்து கிளம்புபவர்களுக்கு இன்னொரு படகும் உண்டு. பாவ்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 மார்ச்சில் தொடங்கிய ரோ-ரோ, அதாவது வண்டியோடு ஏறி இறங்கும் கப்பல். ஒரு மணி நேரத்தில் அலிபாக் பக்கம் இறக்கிவிடும். மும்பையையும் நவி மும்பையையும் இணைக்கும் கடல் பாலமான அடல் சேதுவில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லாததால், பன்வேல் நெரிசலைத் தவிர்க்க பைக்காரருக்கு இதுதான் வழி. இது பெரிய கப்பல், முன்பதிவு செய்துவிட வேண்டும். கழிப் படகுகளில் துறையிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளலாம். சிக்னல் போனால் போன் வழிப் பணம் போகாது, சில்லறை வைத்திருங்கள்.

தனியாகப் போகிறவருக்குச் சிக்கல் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். நீர் வற்றும்போது கான்கிரீட் சரிவின் அடிப்பகுதி வெளியே தெரியும், அதில் பாசி படிந்திருக்கும். அதன்மேல் ஹேண்டிலைத் திருப்பினாலோ முன் பிரேக் பிடித்தாலோ சக்கரம் வழுக்கும். மேலே காய்ந்த இடத்திலேயே வண்டியைப் படகுக்கு நேராக்கிக்கொண்டு, முதல் கியரில், கிளட்சைச் சீராக விட்டு, பின் பிரேக்கை மட்டும் லேசாகத் தொட்டு இறங்குங்கள். படகின் இரும்புப் பலகை சரிவில் உட்காரும் இடத்தில் ஒரு படி போல விளிம்பு இருக்கும். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்குக்குத் தரை இடைவெளி 220 மி.மீ., ஆகவே தட்டாது. பெட்டி கட்டிய தாழ்வான க்ரூஸர் என்றால் சைலன்சர் உரசக்கூடும்.

ஏற்றமும் வற்றமும் நாளைக்கு இரண்டு முறை, மறுநாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகம், பாசிப் பரப்பும் அதிகம். அந்த நாட்களில் கொஞ்சம் காத்திருந்து, நீர் ஏறியபின் படகு பிடிப்பது புத்திசாலித்தனம்.

படகுக்குள் சென்டர் ஸ்டாண்ட் போடாதீர்கள். படகு முன்னும் பின்னும் ஆடும்போது வண்டி உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும். என்ஜினை அணைத்து, முதல் கியரில் விட்டு, சைடு ஸ்டாண்ட் போட்டு, முன் பிரேக் லீவரை ஒரு ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு இறுக்கிவிட்டால் நகராது. ஹிமாலயன் 411 சும்மா நின்றாலே 199 கிலோ. சாமானோடு சாய ஆரம்பித்தால் ஒற்றை ஆள் நிறுத்த முடியாது, அதனால் மேல்தளத்துக்குப் போட்டோ எடுக்கப் போகாமல் இடப்பக்கமே நில்லுங்கள்.

உப்புநீர் தெறிப்பதன் விளைவு மறுநாள் தெரியும். அடிக்கடி மக்கர் செய்வது சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். மண்ணும் உப்பும் ஏறி அது சிக்கிக்கொண்டால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் கியர் போட்டதும் என்ஜின் அணையும். பெட்ரோல் பம்ப், பேட்டரி என்று தேடி நேரத்தை வீணாக்காமல் முதலில் அங்கே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துருநீக்கி ஸ்பிரே அடியுங்கள். செயினையும் ஒவ்வொரு இரவும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுவது நல்லது. வழக்கமான 500 கி.மீ. கணக்கு இங்கே உதவாது.

துறைகளுக்கு நடுவே ஊர்கள் சிறியவை, இறக்கங்கள் செங்குத்தானவை, வளைவுகளில் செம்புரைக்கல் சரளை கிடக்கும். ஹிமாலயன் போல 21 அங்குல முன்சக்கரமும் டியூப் டயரும் உள்ள வண்டியானால் முன்சக்கர டியூப் ஒன்று கையில் இருக்கட்டும். வழியிலுள்ள பஞ்சர் கடைகளில் அந்த அளவு கிடைப்பது அரிது. பின்சக்கரம் போனால்கூட அதே டியூபைத் திணித்து அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்விடலாம். பெட்ரோலை ஸ்ரீவர்தன், தாபோலி, குஹாகர் ஊர்களில் பார்த்தவுடன் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இந்தச் சேவையின் பெரிய குறை, நேரம். அட்டவணை துறைக்குத் துறை மாறும். கடல் கொந்தளித்தாலோ காற்று வலுத்தாலோ அறிவிப்பில்லாமல் நின்றுவிடும். ஆகவே அன்றைய தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாமல் படகில் போடுங்கள். நாளைக்கு ஒரு கழி நிம்மதி, இரண்டு சாத்தியம், மூன்றுக்கு ஆசைப்பட்டால் ஹர்ணை மீன் ஏலமும் வேளாஸ் கரையும் பார்க்காமலே ஓட வேண்டியதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த வழியே வேண்டாம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரி.

ஜெய்கட்டைத் தாண்டினால் ரத்னகிரி, விஜயதுர்க், மால்வண் வரை பாலங்கள் உண்டு. கடைசியில் தேரேகோல்–கேரி படகில் கோவாவுக்குள் நுழையலாம். அங்கே மணல்திட்டு இருப்பதால் நீர் வற்றும்போது படகை நிறுத்துவதுண்டு. அப்படி நின்றால் காத்திருக்க வேண்டாம். உள்ளே தள்ளி ஆரோந்தா–கிரண்பாணி பாலம் இருக்கிறது.